பூட்டைத் திறக்கும் திறமூல நிரல்: மாட்டுவது எழுதியவரா, கொடுத்தவரா?

கேள்வி, ஜனவரி 11, 2025

"பழைய மின்நூல் வடிவம் ஒன்றின் பூட்டைத் திறக்கும் சிறு நிரலகம் எழுதியிருக்கிறேன். அந்த நூல்களை விற்ற நிறுவனம் சாவி தரும் வழங்கியை எப்போதோ நிறுத்திவிட்டது. காசு கொடுத்து வாங்கிய நூல்களை எனக்கே திறக்க வழியில்லை. யாரும் எடுத்து மாற்றிப் பகிர விடும் ஜிபிஎல் என்ற திறமூல உரிமத்தில் வெளியிடலாம் என்று இருக்கிறேன். மூலநிரலை மட்டும், அதுவும் இலவசமாகக் கொடுத்தால் எந்தச் சட்டமும் தொடாது என்கிறார் நண்பர். சரிதானா?"

ஜனவரி 11

சரியில்லை. நண்பரின் பேச்சில் மூன்று நம்பிக்கைகள் பின்னிக் கிடக்கின்றன. மூலநிரல் மட்டும் என்றால் தப்பிக்கலாம், இலவசம் என்றால் தப்பிக்கலாம், சொந்த நூல் என்றால் தப்பிக்கலாம். அமெரிக்கச் சட்டத்தின் முன் மூன்றுமே நிற்காது. நீங்கள் எங்கே உட்கார்ந்து எழுதினாலும், நிரலை வைக்கப்போகும் இடம் பெரும்பாலும் அமெரிக்க நிறுவனத்தின் வழங்கி. ஆகவே அங்கிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது.

1998 அக்டோபரில் வந்த டிஎம்சிஏ என்ற அமெரிக்க மின்னணுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 1201-ஆவது பிரிவு இரண்டு தனித்தனிக் காரியங்களைத் தடுக்கிறது. ஒன்று, பூட்டை, அதாவது படைப்பை அனுமதியின்றித் திறக்கவோ நகலெடுக்கவோ விடாத மின்னணுத் தடையை, உடைப்பது. மற்றது, உடைக்கும் கருவியைச் செய்வது, பிறருக்குக் கொடுப்பது, பொதுவில் முன்வைப்பது. மூன்றாண்டுக்கு ஒருமுறை அந்நாட்டு நாடாளுமன்ற நூலகர் சில பயன்பாடுகளுக்கு விலக்கு அளிப்பதைப் பற்றிச் செய்தி வரும். எல்லோரும் கைதட்டுவார்கள். அந்த விலக்கு முதல் காரியத்துக்கு மட்டும்தான் என்பதைச் செய்தியின் கடைசி வரி வரை படிப்பவர்களே கவனிப்பார்கள். கிணற்றில் இறங்க உமக்கு உரிமை உண்டு, கயிறு கொடுக்கிறவன் குற்றவாளி. சட்டம் இப்படித்தான் நிற்கிறது.

ஆகவே உங்கள் நூலை நீங்கள் திறப்பது ஒரு கேள்வி. திறக்கும் நிரலை எனக்குக் கொடுப்பது முற்றிலும் வேறு கேள்வி. நண்பர் இரண்டையும் ஒன்றாக்கிவிட்டார்.

ஜனவரி 11, இரவு

"நார்வேச் சிறுவன் விடுதலையானானே, அது கணக்கில் வராதா?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். வரும். ஆனால் கதையைப் பாதியில் நிறுத்திவிட்டீர்கள்.

1999 அக்டோபரில் டி-சிஎஸ்எஸ் வெளியானது. டிவிடிகளில் இருந்த சிஎஸ்எஸ் என்ற மறைக்குறியீட்டை அது நீக்கியது. 40 பிட் சாவி. டிவிடி ஓட்டும் மென்பொருள் ஒன்றில் அதன் சாவி சரியாக மறைக்கப்படாமல் கிடந்தது. அது போதுமாக இருந்தது. வெளியிட்ட மூவரில் பெயர் தெரிந்தவர் யோன் லெக் யோஹான்சன், அப்போது அவருக்கு வயது 15. நார்வே அரசுத் தரப்பு அவர்மீது வழக்குத் தொடுத்தது. சொந்தமாக வாங்கிய டிவிடியைப் பார்ப்பது அத்துமீறல் ஆகாது என்று 2003 ஜனவரியில் விடுதலை, மேல்முறையீட்டிலும் அதே ஆண்டு டிசம்பரில் விடுதலை.

இங்கே எல்லோரும் நிறுத்திவிடுகிறார்கள். 2005-இல் நார்வே தன் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தியது. பூட்டு உடைப்பதையும் கருவி கொடுப்பதையும் அது தடுக்கிறது. அவரை விடுவித்தது பழைய தண்டனைச் சட்டத்தின் ஒரு பிரிவு. இன்று அதே நாட்டில் அதே காரியத்தைச் செய்பவருக்கு அந்தத் தீர்ப்பு கேடயமாகாது.

அமெரிக்காவில் நடந்தது இன்னும் சுவாரசியம். அங்கே வழக்கில் சிக்கியவர்கள் நிரலை எழுதியவர்களே இல்லை. 2600 என்ற ஹேக்கர் இதழ் அதைத் தன் தளத்தில் போட்டது. 2000 ஆகஸ்டில் நியூயார்க் நீதிபதி லூயிஸ் கப்லான் அதை எடுக்கச் சொன்னார். நிரலைப் பிற தளங்களில் தேடிக்கொள்ளுங்கள் என்று இணைப்புகளை வைத்ததற்கும் தடை விழுந்தது. 2001 நவம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை உறுதி செய்தது. நிரலும் பேச்சுதான், பேச்சுரிமை அதற்கும் உண்டு என்று அந்த நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. ஆனால் பேச்சோடு சேர்ந்து வேலையும் செய்யும் பொருள் என்பதால் அதைக் கட்டுப்படுத்தலாம் என்றது. 'நிரல் என்பது பேச்சு' என்று சட்டையில் அச்சடித்துக்கொண்டு திரிந்தவர்களுக்குப் பாதி வெற்றி, முழுத் தோல்வி.

"லினக்ஸில் டிவிடி பார்க்கத்தான் எழுதினோம்" என்ற வாதமும் அங்கே எடுபடவில்லை. முதலில் வந்தது விண்டோஸில் ஓடும் நிரல். லினக்ஸ் அப்போது அந்த வட்டின் கோப்பமைப்பைச் சரியாகப் படிக்காது என்ற விளக்கம் தொழில்நுட்பர்களுக்குப் புரிந்தது. நீதிபதிக்குப் போதவில்லை.

ஜனவரி 12

தடைக்குப் பிறகு மக்கள் அந்த நிரலைச் சட்டையில் அச்சிட்டார்கள், கவிதையாக எழுதினார்கள். 2001-இல் எம்ஐடியில் இருவர் 472 பைட்டில் பெர்ல் மொழியில் சுருக்கினார்கள். பில் கார்மடி என்பவர் ஒரு பகா எண்ணைக் கண்டுபிடித்தார்; அதைப் பைட்டுகளாக எழுதி விரித்தால் டி-சிஎஸ்எஸ் மூலநிரல் கிடைக்கும். சட்டவிரோதமான பகா எண். கணித ஆசிரியர்கள் கவனமாக இருக்கவும்.

ஜனவரி 14

சொந்த அனுபவத்துக்கு வருகிறேன்.

ஒரு லினக்ஸ் வழங்கலில் (நிரல்களைத் தொகுத்துத் தரும் இயங்குதளத்தில்) சில பல்லூடகப் பொதிகளை (நிறுவத் தயாரான நிரல் கட்டுகளை) நான் பராமரித்து வந்தேன். வாரம் தவறாமல் ஒரு புகார் வரும்: "டிவிடி ஓடவில்லை, வழு இருக்கிறது." வழு எதுவும் இல்லை. விஎல்சி என்ற காணொளி ஓட்டும் நிரலை உருவாக்கிய வீடியோலேன் குழுவினர் எழுதிய லிப்-டிவிடி-சிஎஸ்எஸ் என்ற நிரலகம் எங்கள் களஞ்சியத்தில் இல்லை, அவ்வளவுதான். அது ஜிபிஎல் உரிமத்தில் வெளிப்படையாகக் கிடைக்கிறது. பிரான்சில் இருந்து விநியோகிக்கிறார்கள். டி-சிஎஸ்எஸ் போல யாருடைய சாவியையும் திருடி வைத்திருக்க வேண்டிய தேவைகூட அதற்கு இல்லை. 40 பிட் மறைக்குறியீடு அவ்வளவு பலவீனமாக இருந்ததால் சாவியைக் கணக்கிட்டே பிடித்துவிடும். இருந்தும் பெரிய வழங்கல்கள் பலவும் அதை நேரடியாகத் தரவில்லை.

ஏன் தரவில்லை என்று பயனர்கள் கோபப்படுவார்கள். பேராசை, கோழைத்தனம், பெருநிறுவன அடிமைத்தனம் என்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறேன். உண்மைக் காரணம் சப்பென்று இருக்கும். ஒரு வழங்கலின் களஞ்சியத்தை உலகம் முழுதும் பல்கலைக்கழகங்களும் தன்னார்வலர்களும் பிரதி எடுத்து வைத்திருக்கிறார்கள். நான் ஒரு பொதியைச் சேர்த்தால், இதைப் பற்றி ஒன்றுமே தெரியாத யாரோ ஒரு கணினி மைய நிர்வாகி தன் நாட்டில் 'கருவி விநியோகித்தவர்' ஆகிவிடுவார். என் துணிச்சலுக்கு அவர் விலை கொடுக்க வேண்டுமா?

டெபியன் என்ற லினக்ஸ் வழங்கல் கண்டுபிடித்த வழி அழகானது. லிப்-டிவிடி-பிகேஜி என்ற பொதி இருக்கிறது. அதற்குள் பூட்டு திறக்கும் நிரல் எதுவும் கிடையாது. நிறுவும்போது அது வீடியோலேன் தளத்துக்குப் போய் மூலநிரலை இறக்கி, பயனரின் கணினியிலேயே தொகுத்து நிறுவும். பூட்டு திறக்கும் நிரலை டெபியன் 'கொடுக்கவில்லை', எங்கே கிடைக்கிறது என்று வழி மட்டும் காட்டுகிறது. முதன்முறை அதன் உள்ளே பார்த்தபோது சிரித்துவிட்டேன். வழக்கறிஞரும் நிரலரும் ஒரே நாற்காலியில் உட்கார்ந்து எழுதியது போல இருந்தது.

ஜனவரி 15

மேலே உள்ள குறிப்பை இரவு மறுபடி படித்தேன். அந்த அழகான வழி 2600 வழக்கின் இணைப்புத் தடையோடு மோதுகிறதே? இணைப்பு கொடுப்பதே கூடாது என்றால், தானாகப் போய் இறக்கிக்கொள்ளும் பொதி எப்படித் தப்பும்?

தர்க்கப்படி தப்பாது. நடைமுறையில் தப்பியிருக்கிறது. இணைப்பைத் தடைசெய்த நீதிபதியும் தெரிந்தே, தடைசெய்யப்பட்ட நிரலைப் பரப்பும் நோக்கத்தோடே கொடுத்த இணைப்பு என்ற நிபந்தனையை வைத்தார். அதை டெபியனுக்கு எதிராகவும் வாதிடலாம், ஆதரவாகவும் வாதிடலாம். யாரும் வழக்கு போடவில்லை என்பதே அந்தப் பொதியின் உண்மையான பாதுகாப்பு. டிவிடி யாருக்கும் பெரிய பணம் தராத காலத்தில் யார் வந்து வழக்கு போடப்போகிறார்கள்?

திறமூல உலகில் 'சட்டப்படி சரி' என்று சொல்லப்படுவதில் பாதி இந்த ரகம்தான். 'இதுவரை யாரும் கேட்கவில்லை' என்பதைச் 'சரி' என்று படித்துக்கொள்கிறோம்.

ஜனவரி 18

"சாவியை நிரலோடு வைக்காமல் பயனரையே கொண்டுவரச் சொன்னால்?" நல்ல கேள்வி, நீண்ட பதில்.

ப்ளூ-ரே வட்டுகளுக்கான லிப்-ஏஏசிஎஸ் நிரலகம் அப்படித்தான் செய்கிறது. சாவிகள் இல்லாமல் வருகிறது. 2007-இல் அந்தப் பூட்டின் 16 பைட் சாவி ஒன்று இணையத்தில் பரவியதும், டிக் என்ற செய்திப் பகிர்வுத் தளம் பதிவுகளை நீக்கியதும், பயனர்கள் கிளர்ந்து அந்த எண்ணையே முதல் பக்கம் முழுக்க நிரப்பியதும் பலருக்கு நினைவிருக்கும். வெறும் எண். அதற்கு அத்தனை சத்தம்.

விளையாட்டுக் கருவிகளின் பிரதிபலிப்பான்களில் (அந்தக் கருவியைப் போலவே கணினியை நடக்கவைக்கும் நிரல்களில்) இந்தப் பிரிவினை மேலும் கூர்மையாகிறது. டால்பின் என்ற திறமூலப் பிரதிபலிப்பான் நின்டெண்டோவின் வீ கருவியின் பொதுச் சாவியைத் தன் மூலநிரலிலேயே வைத்திருக்கிறது. பல்லாண்டுகள் அது எவர் கண்ணையும் உறுத்தவில்லை. ஸ்டீம் என்ற இணைய விளையாட்டுக் கடையில் வைக்கப்போகிறோம் என்று அறிவித்த பிறகு 2023 மே மாதம் நின்டெண்டோவின் வழக்கறிஞர்கள் கடை நடத்தும் வால்வ் நிறுவனத்துக்கு எழுதினார்கள். ஸ்டீம் முயற்சி கைவிடப்பட்டது. டால்பின் தன் தளத்தில் தொடர்கிறது. நிரல் மாறவில்லை. வைக்கப்போன இடம்தான் மாறியது.

யூசு இதற்கு நேரெதிர். நின்டெண்டோவின் சுவிட்ச் கருவிக்கான அந்தப் பிரதிபலிப்பானும் திறமூலமே. சாவி எதுவும் அதில் இல்லை, பயனர் தன் கருவியிலிருந்து எடுத்துவர வேண்டும். 2024 பிப்ரவரி 26 அன்று நின்டெண்டோ வழக்கு போட்டது. மார்ச் 4-க்குள் எல்லாம் முடிந்தது. 24 லட்சம் டாலர் தர ஒப்புக்கொண்டு, நிரலையும் தளத்தையும் மூடினார்கள். அவர்களே நடத்திய சிட்ரா என்ற இன்னொரு பிரதிபலிப்பானும் கூடவே போனது.

சாவி வைத்திருந்தவர் பிழைத்தார், வைக்காதவர் மூழ்கினார். ஏன்? யூசுவுக்கு மாதச் சந்தா வந்துகொண்டிருந்தது, சந்தா கட்டியவர்களுக்கு முன்கூட்டியே புதிய பதிப்பு கிடைத்தது. சாவிகளை எடுப்பது எப்படி என்ற விளக்கங்களுக்கு வழிகாட்டினார்கள். அன்று கடையில் விற்றுக்கொண்டிருந்த கருவியைக் குறிவைத்தது அந்த நிரல். டால்பின் பிரதிபலிப்பது சந்தையை விட்டுப் போன கருவிகளை.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். யூசு வழக்கு விசாரணைக்கே போகவில்லை. இரு தரப்பும் ஒப்புக்கொண்டதில் நீதிபதி கையெழுத்திட்டார். ஆகவே 'பிரதிபலிப்பான் சட்டவிரோதம் என்று தீர்ப்பாகிவிட்டது' என்று எழுதுகிறவர்களை நம்ப வேண்டாம். தீர்ப்பு என்று எதுவும் வரவில்லை, காசோலைதான் வந்தது.

ஜனவரி 19

மேலே உள்ளதைப் படித்துவிட்டு ஒருவர்: "அப்படியானால் பணம் வாங்காவிட்டால் ஆபத்தில்லை."

குற்றவியல் வழக்கு குறையும். 1201-ஐ வேண்டுமென்றே, வணிக ஆதாயத்துக்காக மீறினால்தான் சிறை. முதல் முறை ஐந்து ஆண்டு வரை, 5 லட்சம் டாலர் வரை அபராதம். உரிமையியல் வழக்குக்கு ஆதாயம் தேவையே இல்லை. ஒவ்வொரு மீறலுக்கும், ஒவ்வொரு கருவிக்கும், முன்வைப்புக்கும் 200 முதல் 2,500 டாலர் வரை இழப்பீடு கேட்கலாம். இலவச நிரலுக்கு இது தலைகீழான சாபம். விலை வைத்திருந்தால் நூறு பேர் வாங்கியிருப்பார்கள், இலவசமாக வைத்ததால் பத்தாயிரம் பேர் இறக்கியிருப்பார்கள். கணக்கைப் போட்டுப் பாருங்கள், போட்டபின் தூங்க முயலுங்கள்.

ஜனவரி 23

நிரலைவிட நிரலைச் சுற்றியுள்ள சொற்கள்தான் காட்டிக்கொடுக்கின்றன என்பது வெகுநாளாக என் எண்ணம்.

2020 அக்டோபர் 23 அன்று அமெரிக்க இசைப்பதிவு நிறுவனங்களின் சங்கம் காணொளிகளை இறக்கும் யூடியூப்-டிஎல் நிரலை நீக்கச் சொல்லி, நிரல்களை வைக்க இடம் தரும் கிட்ஹப் தளத்துக்கு எழுதியது. அந்தக் கடிதம் எதைச் சுட்டிக்காட்டியது? சோதனைக் கோப்புகளை. நிரல் ஓடுகிறதா என்று பார்க்க யாரோ ஒரு நிரலர் சில புகழ்பெற்ற பாடல்களின் முகவரிகளை அங்கே போட்டு வைத்திருந்தார். சோதனைக்குக் கைக்கு வந்ததை எடுத்துப் போடுவது நம் எல்லோருடைய பழக்கம். வழக்கறிஞர் கண்ணில் அதுவே 'இதற்காகத்தான் இந்தக் கருவி' என்ற வாக்குமூலம்.

நவம்பர் 16 அன்று கிட்ஹப் அதை மீட்டுவைத்தது. எலக்ட்ரானிக் ஃப்ரான்டியர் ஃபவுண்டேஷன் என்ற இணைய உரிமை அமைப்பு அனுப்பிய விளக்கக் கடிதம் உதவியது: உலாவி எப்படி அந்தக் காணொளியை வாங்குகிறதோ அப்படித்தான் நிரலும் வாங்குகிறது, உடைக்கப் பூட்டே இல்லை என்பது வாதம். சோதனைகளில் இருந்த பாடல்கள் போயின. இனி இத்தகைய புகார்களைத் தொழில்நுட்பர்களும் வழக்கறிஞர்களும் பார்த்த பிறகே முடிவெடுப்போம் என்று கிட்ஹப் அறிவித்தது, நிரலர்களுக்கான சட்ட உதவிக்கு 10 லட்சம் டாலரும் ஒதுக்கியது.

என் சிறு அனுபவம். ஆவண வடிவம் ஒன்றைப் படிக்கும் நிரலகம் என் பொறுப்பில் இருந்தது. ஒரு நாள் முன்பின் தெரியாத ஒருவர் ஒரு திருத்தம் அனுப்பினார். சுத்தமான நிரல், நல்ல சோதனைகள், பாராட்டத் தோன்றியது. கூடவே விளக்கவுரையில் ஒரு வரி: 'இனி எந்தக் கடையில் வாங்கிய கோப்பையும் நண்பர்களுக்குத் தரலாம்.' நிரலில் ஆட்சேபம் சொல்ல எதுவும் இருக்கவில்லை, அந்த ஒரு வரி என்னைக் கட்டிப்போட்டது. வரியை மட்டும் நீக்கி இணைத்திருக்கலாம். செய்யவில்லை. வரியை நீக்கினேன் என்ற பதிவும் களஞ்சியத்தின் வரலாற்றில் இருக்கும். நோக்கம் தெரிந்தே ஏற்றுக்கொண்டான், பிறகு மறைத்தான் என்று படிக்கலாம். திருத்தத்தை மறுத்தேன். அவர் கோபித்துக்கொண்டு தனிக் கிளையாக வெளியிட்டார். அந்தக் கிளை எந்தத் தொல்லையும் இல்லாமல் இன்றும் ஓடுகிறது. எரிச்சலாகத்தான் இருக்கிறது.

ஜனவரி 24

சொற்கள்தான் காட்டிக்கொடுக்கின்றன என்ற நேற்றைய வாதத்துக்கு நானே ஒரு வரம்பு போட வேண்டும். சட்டத்தில் மூன்று வாசல்கள் இருக்கின்றன. முதன்மையாகப் பூட்டு உடைக்கவே வடிவமைத்த கருவி என்றால் மாட்டலாம். உடைப்பதைத் தவிர வணிக முக்கியத்துவமுள்ள வேறு பயன் குறைவு என்றால் மாட்டலாம். உடைக்கப் பயன்படும் என்று விளம்பரப்படுத்தினால் மாட்டலாம். மூன்றில் ஒன்று போதும். ரீட்மீ என்ற அறிமுகக் கோப்பை எவ்வளவு கழுவினாலும் மூன்றாம் வாசல் மட்டுமே மூடும், முதல் வாசல் கொஞ்சம் ஒருக்களிக்கும். டி-சிஎஸ்எஸ் போல ஒரே வேலையைச் செய்யும் நிரலுக்குச் சொற்களை மாற்றிப் பயனே இல்லை. யூடியூப்-டிஎல் போல நூறு வேலை செய்யும் நிரலுக்குச் சொற்கள் மிக முக்கியம்.

கேள்வி கேட்டவரின் நிரலகம் ஒரே வேலை செய்வது. நல்ல செய்தி சொல்ல ஆசைதான்.

ஜனவரி 24, மாலை

"நிரல்கள் சேர்ந்து இயங்குவதற்காகப் பின்னோக்கிப் பொறியியல் செய்ய, அதாவது நிரலைப் பிரித்துப் பார்த்து அது இயங்கும் விதத்தைக் கண்டறிய, விலக்கு இருக்கிறதே?" இருக்கிறது, 1201-க்குள்ளேயே. ஆனால் அது தனியாக எழுதிய நிரல் ஒன்று மற்ற நிரல்களோடு சேர்ந்து இயங்குவதற்கு. திரைப்படம் நிரல் ஆகாது என்று டி-சிஎஸ்எஸ் வழக்கில் சொல்லியாகிவிட்டது. மின்நூலையும் நிரல் என்று வாதிடுவது சிரமம்.

நிரலுக்கு நிரல் என்றாலும் உறுதியில்லை. பிநெட்-டி நினைவிருக்கிறதா? பிளிசார்ட் நிறுவனத்தின் விளையாட்டுகளை இணையத்தில் ஆட, தன்னார்வலர்கள் எழுதிய மாற்று வழங்கி. திறமூலம், இலவசம். விளையாட்டு வட்டின் சாவி உண்மையானதா என்று சோதிக்கும் முறையை அந்த நிறுவனம் தர மறுத்ததால், சோதிக்காமலே உள்ளே விட்டது. 2005-இல் அமெரிக்காவின் எட்டாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் விலக்கு பொருந்தாது என்றது. ரகசியத்தைத் தர மறுத்ததும் அவர்கள், ரகசியம் தெரியாததற்குக் குற்றவாளியாக நின்றது இவர்கள்.

பிப்ரவரி 2

பிற நாடுகளைப் பற்றிக் கேட்டவர்களுக்குச் சேர்த்து.

ஐரோப்பிய ஒன்றியத்தின் 2001 பதிப்புரிமை நெறியுரையும் கருவிகளைத் தடுக்கிறது, 'பயனுள்ள' பூட்டாக இருந்தால். 2007-இல் ஹெல்சிங்கி மாவட்ட நீதிமன்றம், ஊரே உடைக்கத் தெரிந்த சிஎஸ்எஸ் இனிப் பயனுள்ள பூட்டு அல்ல என்றது. எங்கும் கொண்டாட்டம். மறு ஆண்டு மேல்முறையீட்டில் அது கவிழ்ந்தது, கொண்டாடியவர்கள் அதைக் கவனிக்கவில்லை. 2014-இல் ஐரோப்பிய நீதிமன்றம், நின்டெண்டோவுக்கும் பிசி பாக்ஸ் நிறுவனத்துக்கும் இடையிலான வழக்கில், பூட்டு அளவோடு இருக்கிறதா, கருவியை மக்கள் உண்மையில் எதற்குப் பயன்படுத்துகிறார்கள் என்று பார்க்கச் சொன்னது. இது கொஞ்சம் காற்றோட்டம்.

இந்தியச் சட்டம் வேறு தினுசு. 2012 திருத்தத்தில் வந்த 65ஏ பிரிவு, பதிப்புரிமையை மீறும் எண்ணத்தோடு பூட்டை உடைப்பவருக்கு இரண்டு ஆண்டு வரை சிறையும் அபராதமும் விதிக்கிறது. எண்ணம் முக்கியம். கருவி கொடுப்பதற்கென்று அமெரிக்கா போலத் தனித் தடை இல்லை. படித்தபோது நிம்மதியாக இருந்தது, அதன் உபவிதியைப் படிக்கும் வரை. சட்டம் தடுக்காத காரியத்துக்காக இன்னொருவர் பூட்டை உடைக்க உதவுகிறவர், அந்த இன்னொருவரின் பெயர், முகவரி, அடையாள விவரங்கள், என்ன நோக்கத்துக்காக உதவினார் என எல்லாவற்றையும் பதிவேட்டில் முழுமையாக வைத்திருக்க வேண்டும்.

திறமூலக் களஞ்சியத்துக்கு இதை எப்படிப் பொருத்துவது? இறக்குகிறவர் ஒவ்வொருவரும் வாசலில் நின்று கையொப்பமிட வேண்டுமா? ஒரு கடை, ஒரு வாடிக்கையாளர் என்று மனத்தில் வைத்து எழுதியிருக்கிறார்கள். 'நிரலை வெளியிடுவது உதவுவது ஆகுமா' என்ற கேள்விக்கு அந்த வரியில் விடை இல்லை.

பிப்ரவரி 3

நீக்கல் கடிதம் வந்தால் எதிர் அறிவிப்பு கொடுத்துவிடலாம் என்று யாரோ துணிச்சலாகச் சொல்கிறார்கள். அந்த எதிர் அறிவிப்பு முறை டிஎம்சிஏயின் 512-ஆவது பிரிவில் இருக்கிறது. மீறிய பிரதியை நீக்குவது பற்றியது. கருவி பற்றிய 1201 புகாருக்கு அந்த நடைமுறை சட்டத்தில் எழுதப்படவே இல்லை. இடம் தரும் நிறுவனம் விரும்பினால் கேட்கும், விரும்பாவிட்டால் அழிக்கும்.

நான் பிரதி வைத்திருந்த ஒரு களஞ்சியம் ஒரு காலையில் காணாமல் போயிருந்தது. இடம் கொடுத்த நிறுவனத்திடம் விளக்கம் கேட்டேன். 'மூன்றாம் தரப்புப் புகார்' என்று பதில் வந்தது. யார், எந்தக் கோப்பு, எந்தப் பிரிவு, எதுவும் இல்லை. மறுபடி எழுதினேன், முதல் பதிலையே மறுபடி அனுப்பினார்கள். வழக்கு என்றால் வாதிடலாம். மௌனத்தோடு என்ன வாதிடுவது?

இடம் கொடுப்பவரையும் முழுதாகக் குறைசொல்ல முடியாது. 2023-இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நீதிமன்றம் யூபர்ஸ்பேஸ் என்ற சிறு நிறுவனத்துக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. அது யூடியூப்-டிஎல்லின் முகப்புத் தளத்தை மட்டும் வைத்திருந்தது. நிரல் கிட்ஹப்பில் பாதுகாப்பாக இருந்தபோது, கிட்ஹப்பைக் காட்டும் பக்கத்தை வைத்திருந்தவர் மாட்டினார்.

பிப்ரவரி 6

சற்றுத் தடம் மாறி: 2001 ஜூலையில் ரஷ்ய நிரலர் டிமித்ரி ஸ்க்ளியாரோவ் லாஸ் வேகாஸ் மாநாட்டில் பேசிவிட்டுக் கிளம்பும்போது கைதானார். அவர் பணியாற்றிய எல்காம்சாஃப்ட் நிறுவனம் விற்ற, மின்நூல் பூட்டைத் திறக்கும் நிரல் ரஷ்யாவில் சட்டவிரோதமானதல்ல. 2002 டிசம்பரில் ஜூரிகள் அந்த நிறுவனத்தை விடுவித்தார்கள். அது விலைக்கு விற்ற நிரல், திறமூலம் அல்ல. ஆனாலும் அதிர்ச்சி எங்கள் பக்கம்தான் அதிகம் பரவியது. லினக்ஸ் கருநிரலைப் பராமரித்த ஆலன் காக்ஸ், 2.2.20 பதிப்பின் மாற்றக் குறிப்பில் பாதுகாப்புத் திருத்தங்களின் விவரத்தை இந்தச் சட்டத்தைக் காரணம் காட்டி விட்டுவிட்டார். ஓட்டையை அடைத்தவர், எந்த ஓட்டை என்று சொல்ல மாட்டேன் என்றார். பகடிதான், ஆனால் முழுப் பகடி இல்லை.

பிப்ரவரி 9

கேள்வி கேட்டவர் திரும்பி வந்திருக்கிறார்: "ஜிபிஎல் மூன்றாம் பதிப்பில் பூட்டு எதிர்ப்பு விதி இருக்கிறது. அது என்னைக் காக்காதா?"

காக்காது. அந்த விதி, ஜிபிஎல் உரிமத்தில் வரும் உங்கள் நிரலையே ஒரு சட்டப்பூர்வமான பூட்டாகக் கருத முடியாது என்கிறது. அதாவது உங்கள் நிரலை ஒருவர் மாற்றினால் 'பூட்டை உடைத்தான்' என்று நீங்கள் வழக்கு போட மாட்டீர்கள். வாக்குறுதி நீங்கள் கொடுப்பது. அந்தப் புத்தக நிறுவனம் எதற்கும் கையெழுத்திடவில்லையே.

பிப்ரவரி 15

அவருடைய முடிவு: பூட்டு நீங்கிய கோப்புகளைப் படிக்கும் பகுதியை மட்டும் வெளியிடுகிறார். திறக்கும் பகுதி அவருடைய கணினியிலேயே இருக்கும். "இது கோழைத்தனமா?" என்று கேட்டிருக்கிறார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வழக்கு நடத்தப் பணமும் வழக்கறிஞரும் உள்ள அமைப்பு ஒன்று பின்னால் நின்றால் வேறு முடிவு எடுக்கலாம். பாதுகாப்பு ஆய்வாளர் மேத்யூ கிரீனுக்கு அப்படி ஒன்று பின்னால் நின்றது; பேச்சுரிமையை முன்வைத்து 1201-ஐ எதிர்த்தார். 2024 ஆகஸ்டில் வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதையும் ஏற்கவில்லை.

கண்ணில் பட்ட இரண்டு வேலைகள். திறக்கும் பகுதியை இப்போது நீக்கினாலும் களஞ்சியத்தின் பழைய பதிவுகளில் அது அப்படியே இருக்கும், யாரும் பின்னோக்கிப் போய் எடுக்கலாம். புதிய களஞ்சியமாகத் தொடங்குங்கள். சோதனைக் கோப்பாக வைத்திருக்கும் அந்த நாவலையும் எடுத்துவிட்டு, பதிப்புரிமை முடிந்த நூல் ஒன்றைப் போடுங்கள்.

பிப்ரவரி 16

ஆமாம், கோப்பின் பெயரையும் மாற்ற வேண்டும். 'உடைப்பான்_சோதனை' என்று வைத்துவிட்டு நோக்கத்தைப் பற்றி வாதிட முடியாது.